மைக்கூடும் அதன் ஸனதும்

பழைய மைக்கூடு ஒன்று கைக்கு வந்தவுடன் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, 'இது என்ன விலைக்குப் போகும்?' என்பதாகவே இருக்கின்றது. இரண்டாவது கேள்வி, 'எத்தனை வருடப் பழசு?' என்பது. 'இது யார் கையில் இருந்தது? எந்த எழுத்துக்கு மை தந்தது?' என்னும் மூன்றாவது கேள்வியைக் கேட்போர் மிகச் சிலரே. அம்மூன்றாம் கேள்விக்கு விடை தேடாமல் முதலிரண்டு கேள்விகளுக்கும் நேர்மையான விடை கூற இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுவினா அன்று. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபோது, தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி இங்கு வந்து குடியமர்ந்த குடும்பங்கள் பல. அவை வரும்போது பாட்டனார் காலத்துத் தகரப்பெட்டியையும் உடன் கொண்டுவந்தன. கிதாபுகள், பத்திரங்கள், நிக்காஹ் பதிவுகள், கணக்கேடுகள் ஆகியவற்றோடு ஒரு மைக்கூடும் அப்பெட்டிக்குள் கிடந்திருக்கலாம். அன்று கட்டிய தனிவீடுகள் இன்று இடிக்கப்பட்டு அடுக்ககங்களாக மாறுகின்றன. பெட்டி திறக்கப்படுகின்றது. தாள் ஒரு பக்கமும், உலோகம் ஒரு பக்கமும், கண்ணாடி ஒரு பக்கமுமாகப் பிரிந்து காயலான் கடைக்குப் போகின்றன. அங்கிருந்து சில பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும், வேறு சில பழம்பொருள் விற்போர் கைக்கும் சென்று சேர்கின்றன.

'காயலான் கடை' என்ற பெயரே காயல்பட்டினத்து வணிகரிடமிருந்து வந்ததெனப் பொதுவாகக் கூறுவர். அரபுத்தமிழ் ஏடுகளுக்குப் பெயர்பெற்ற அதே ஊரின் பெயர், அவ்வேடுகள் சென்று சேரும் கடைக்கும் வாய்த்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தாளோடு வந்த கலம்

தமிழில் 'கலம்' என்றால் பாத்திரம். அரபியில் 'கலம்' என்றால் எழுதுகோல். இவ்விரண்டு பொருளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் மைக்கூடு.

தமிழகத்தின் தொன்மையான எழுத்துமுறை மைக்கூட்டை வேண்டாதது. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, அக்கீறலில் விளக்குக்கரியையோ பச்சிலைச் சாற்றையோ பூசித் துடைத்தால் எழுத்துத் துலங்கும். அங்கே மை எழுத்துக்குப் பின்னர் வருகின்றது. எழுதும்போது பக்கத்தில் மைக்கலம் இருக்க வேண்டியதில்லை. தாளும் நாணற்கோலும் கூடிய எழுத்துக்கே அது இன்றியமையாதது. எனவே, ஆங்கிலப் பள்ளிகள் பரவுவதற்கு முற்பட்ட மைக்கூடு ஒன்று தமிழ்நாட்டு வீட்டில் கிடைக்குமாயின், அது தாளெழுத்து மரபொன்றைச் சுட்டும் தடயமாகும். தஞ்சை மராட்டியரின் மோடி ஆவணங்கள் அத்தகைய ஒரு மரபு. நவாபு ஆட்சியின் பாரசீக அலுவலகங்கள் இன்னொன்று. அரபு நூல்களையும் அரபுத்தமிழ் நூல்களையும் படியெடுத்த ஆலிம்களின் வீடுகள் மற்றொன்று. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களைப் போன்றோரின் எழுத்துப்பணி அனைத்திற்கும் பின்னே ஒரு மைக்கூடு இருந்தே தீரும். நூல்களைப் பேசும் நாம் கலத்தைப் பேசுவதில்லை.

கலத்தைப் புரிந்துகொள்ள மையைப் புரிந்துகொள்ள வேண்டும். முற்கால அரபு எழுத்தாளர் கையாண்ட மை பெரும்பாலும் இருவகைப்பட்டது. விளக்குப்புகைக் கரியைக் கருவேலம் பிசின் நீரில் இழைத்துச் செய்வது ஒன்று. அதனை 'மிதாத்' என்றனர். மாசிக்காய்ச் சாறும் அன்னபேதியும் கலந்து செய்வது மற்றொன்று, அது 'ஹிப்ர்'. பிற்காலத்தில் இவ்விரு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கலாயின. ஹிஜ்ரீ ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட முஇஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் நூல், மை செய்யும் முறைகளையும் எழுதுகருவிகளையும் விரிவாகத் தொகுத்துரைக்கின்றது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மாசிக்காய், கடுக்காய், அன்னபேதி மூன்றும் இன்றும் கிடைக்கின்றன. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் அதே வகைக் கருமை உண்டாகும்.

இவ்விரு மைகளும் கலத்தின்மேல் விட்டுச்செல்லும் சுவடு வேறுவேறானது. கரிமை உலோகத்தைத் தின்னாது. பித்தளைக் கூட்டின் உட்புறத்தில் கருமையாகப் படிந்து காய்ந்து நிற்கும். அன்னபேதி மையோ புளிப்புத் தன்மையுடையது. செம்பையும் பித்தளையையும் நாளடைவில் அரித்துவிடும். ஐரோப்பிய உலோக மைக்கூடுகளுக்குள் கண்ணாடிக் கிண்ணமோ பீங்கான் கிண்ணமோ வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அரபு எழுத்தாளரின் கூட்டுக்குள் 'லீகா' எனப்படும் பட்டுநூல் திரள் இடப்படும். அது மையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நாணற்கோலுக்கு வேண்டிய அளவே கொடுக்கும். கூடு சாய்ந்தாலும் மை சிந்தாது. கோலின் முனையும் அடியில் மோதி மழுங்காது. ஆகவே பித்தளைக் கூடு ஒன்றின் அடியில் கெட்டிப்பட்ட நூல்திரள் காணப்பட்டால், அதனைக் குப்பையெனச் சுரண்டி எறிவது அக்கூட்டின் பிறப்புச் சான்றையே கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

உடல் கூறும் சான்று

ஹதீஸ் கலையில் 'மத்ன்' என்பது செய்தியின் உடல். 'ஸனத்' என்பது அச்செய்தி வந்து சேர்ந்த மனிதர்களின் தொடர். பழம்பொருளை ஆராய்வோரும் இவ்விரண்டையுமே ஆராய்கின்றனர். முதலில் உடலைக் காண்போம்.

புறநகர்ச் சந்தைகளில் காணக்கூடிய மைக்குப்பிகளில் மிகுதி கண்ணாடியே. அச்சில் வார்த்த குப்பியின் பக்கவாட்டில் அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அக்கோடு கழுத்தின் நடுவிலேயே மறைந்து, வாய்விளிம்பு மழமழப்பாகவோ சற்றுக் கோணலாகவோ இருப்பின், விளிம்பு கையால் முடிக்கப்பட்டது எனக் கொள்ளலாம். கோடு விளிம்பின் உச்சிவரை சென்றால் அது பெரும்பாலும் இயந்திரத்தில் பிறந்தது. மைக்கேல் ஓவன்ஸ் என்னும் அமெரிக்கர் முழுத் தானியங்கிக் குப்பி இயந்திரத்தை 1903ஆம் ஆண்டளவில் செயற்படச் செய்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கையூதல் முறை பெருந்தொழிற்சாலைகளில் அருகிப்போயிற்று. அடிப்புறத்தில் கரடுமுரடான வட்டத் தழும்பு காணப்பட்டால், ஊதிய குப்பியைப் பிடித்திருந்த இரும்புக்கோலை உடைத்தெடுத்த வடு அது. மேலைநாட்டுச் சாதாரணக் குப்பிகளில் இவ்வடு 1860களுக்குப் பின் குறைகின்றது. இந்தியாவின் சிறு சூளைகளில் கையூதல் நெடுங்காலம் நீடித்தமையால், இங்குள்ள குப்பிக்கு இவ்விதியை அப்படியே பொருத்துவது பிழையாகும்.

நிறமும் பேசும். மணலில் இயல்பாகவே இருக்கும் இரும்பின் சாயலால் கண்ணாடி இளநீலம் கலந்த பச்சையாகின்றது. அதனைப் போக்க மாங்கனீசு சேர்த்த குப்பி, பல்லாண்டு வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா நிறம் கொள்ளும். இவ்வூதாவுக்குச் சந்தையில் விலை உண்டு என்றறிந்த சிலர், சாதாரணக் குப்பியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சில மணி நேரத்தில் கரும் ஊதாவாக்கி விற்கின்றனர். வெயில் தந்த ஊதா மென்மையானது. கதிர்வீச்சு தந்தது கத்தரிப்பூவையும் விஞ்சும். கண் பழகியவருக்கு வேறுபாடு புலப்படும்.

வடிவம் பயனைப் பின்பற்றுகின்றது. எட்டுப்பட்டைக் குடை வடிவம், ஆமை வடிவம், கூரை வேய்ந்த குடில் வடிவம், பக்கவாட்டில் மூக்கு நீண்ட தேநீர்க்கெண்டி வடிவம் என அரியனவாகப் போற்றப்படும் குப்பிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அகன்ற அடி உண்டு. மை கவிழக்கூடாது என்பதே அதன் முதற்காரணம். குப்பியின் தோளில் இரு பள்ளங்கள் காணப்படின் அவை எழுதுகோலைச் சாய்த்து வைப்பதற்கானவை. வாயின் அகலமும் ஒரு சான்று. பர்மிங்ஹாம் நகரில் 1820களுக்குப் பின் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட எஃகு முள்ளுக்குக் குறுகிய வாயே போதும். பட்டைமுனை நாணற்கோலுக்கு அகன்ற வாய் வேண்டும்.

விளிம்பு உடைந்தாற்போன்று கூர்மையாக இருக்கும் சிறு குப்பிகளைக் கண்டு, சேதமடைந்தவை எனப் பலர் ஒதுக்குகின்றனர். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு விற்ற மைக்குப்பிகள் அவ்வாறே முறித்தெடுக்கப்பட்டுத் தக்கையும் அரக்கும் இட்டு அடைக்கப்பட்டன. அங்கே விளிம்பின் முரட்டுத்தன்மை குறையன்று; அதுவே அடையாளம்.

கண்ணாடியையடுத்துக் கற்புட்டி. பழுப்பு நிறத்தில் பளபளக்கும் உருளை வடிவச் சுடுமண் புட்டிகளில் இங்கிலாந்திலிருந்து மை மொத்தமாகக் கப்பலேறிற்று. டெர்பிக்கு அருகிலுள்ள டென்பியில் 1809ஆம் ஆண்டளவில் தோன்றிய போர்ன் குடும்பத்து ஆலையின் முத்திரையும், இலண்டனின் பி. அண்ட் ஜே. ஆர்னால்டு என்னும் மை நிறுவனத்தின் பெயரும் ஒருங்கே அழுத்தப்பட்ட புட்டிகள் உலகின் பல துறைமுகங்களிலும் கிடைக்கின்றன. ஆங்கிலப் படையின் முகாம் இருந்த பூந்தமல்லி போன்ற ஊர்களின் பழைய மண்ணில் இத்தகையது ஒன்று வெளிப்பட்டால் வியப்பதற்கில்லை. அது படை அலுவலகத்துச் சிப்பந்தி ஊற்றிப் பயன்படுத்திய மொத்தப் புட்டியே. எழுதுவோரின் மேசையில் இருந்த கூடு அன்று. விற்பவர் அதனை 'நவாபு காலத்து மைக்கூடு' என்று கூறினால், உடலே அக்கூற்றை மறுத்துவிடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டுக் குப்பிகளை இகழ்வதும் தவறு. 1931இல் பம்பாயில் தண்டேகர் குடும்பத்தார் மைத்தூளும் மைவில்லையும் விற்கத் தொடங்கியது பின்னர் காம்லின் ஆயிற்று. 1934இல் வங்கத்து ராஜ்சாஹியில் மைத்ரா சகோதரர் தொடங்கிய சுலேகா, சுதேசி மை வேண்டும் என்ற காந்தியடிகளின் விருப்பத்தோடு இணைத்துப் பேசப்படுவது. நம்மிற் பலர் பள்ளிப் பருவத்தில் கைகளில் பூசிக்கொண்ட பிரில், செல்பார்க் குப்பிகளும் இவ்வரிசையினவே. சீட்டும் மூடியும் குலையாத ஒரு சுதேசி மைக்குப்பி, பெயரற்ற நூறாண்டுக் குப்பியைவிட வரலாற்றுக்குப் பயன்படக்கூடும்.

பட்டியல் நூலின் பயனும் குறையும்

மைக்குப்பி சேகரிப்போர் இன்றும் எடுத்துக்காட்டும் நூல் வில்லியம் கவில் 1971இல் வெளியிட்ட மைக்குப்பி, மைக்கூட்டுப் பட்டியல். குப்பிகளை வடிவ வாரியாகப் பிரித்து, படம் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது அந்நூல். சேகரிப்போர் ஒரு குப்பியைக் குறிக்கும்போது அவ்வெண்ணையே சொல்லும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. பெயரில்லாப் பொருள்களுக்கு முகவரி தந்த பணி அது. அதன் உழைப்பு மதிக்கத்தக்கது. பிற்காலத்தார் அதன் தோள்மேல் நின்றே பேசுகின்றனர்.

எனினும் அந்நூல் வகுத்த வழியை அப்படியே நம் ஊருக்கு இறக்குமதி செய்வதில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, அது அமெரிக்கச் சேகரிப்பாளரின் கண். அங்கே அரியது இங்கே அரியதாக இருக்க வேண்டுவதில்லை. இங்கே அரியது அப்பட்டியலில் இடமே பெறாதிருக்கலாம். லீகா இட்ட பித்தளைக் கூட்டிற்கோ, மக்தபுப் பிள்ளைகள் பலகையில் எழுதிக் கழுவப் பயன்படுத்திய மண்கலத்திற்கோ அதில் எண் கிடையாது. எண் இல்லாமையால் விலையும் இல்லை எனக் கருதி ஒதுக்குவோர், அளவுகோலில் அடங்காததை இல்லாததென்று கூறுவோரே ஆவர்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பட்டியல்முறை பொருளை அது கிடந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுத்துக் காண்கின்றது. குப்பி தனியே, வெள்ளைப் பின்னணியில், யார் வீட்டையும் சாராமல் நிற்கின்றது. நிறம், வடிவம், சேதம் ஆகிய மூன்றுமே அங்கே மதிப்பை முடிவு செய்கின்றன. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்த பண்டத்திற்கு இது போதுமானது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை எழுதிய கூட்டிற்கு இது போதாது. அக்கூட்டின் பக்கத்தில் இருந்த கையெழுத்துப் படியும், அப்படியின் ஓரத்தில் தெறித்த மைத்துளியும், கூட்டின் அடியில் காய்ந்த மையும் ஒன்றுக்கொன்று சாட்சி. சாட்சிகளைப் பிரித்தபின் வழக்கை யார் விசாரிப்பது?

மையைப் பற்றிய ஒரு ஹதீஸ்

இவ்விடத்தில் ஹதீஸ் கலையின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை நினைவுகூர்வது பொருத்தமாகும். ஆலிம்களின் மையையும் ஷஹீத்களின் இரத்தத்தையும் தராசில் நிறுத்தால் மையே எடை மிகும் என்னும் கருத்துடைய கூற்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயரால் மேடைதோறும் முழங்குகின்றது. மதரஸாச் சுவர்களையும் அணிசெய்கின்றது. கல்வியின் பெருமையைக் கூறும் இக்கூற்றை விரும்பாதார் யார்? ஆயினும் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த கதீப் அல்-பஃதாதீ (மறைவு ஹி. 463), இப்னுல் ஜவ்ஸீ (மறைவு ஹி. 597) முதலிய பேரறிஞர் அதனை நபிமொழியாக ஏற்கவில்லை. அது ஹஸன் அல்-பஸரீ (ரஹ்) அவர்களின் கூற்றாக இருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கொண்ட முடிவு.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வறிஞர்கள் தம் வாழ்நாளெல்லாம் மையோடு வாழ்ந்தவர்கள். அக்கூற்று அவர்களுக்கே பெருமை சேர்ப்பது. அதை ஏற்றுக்கொண்டால் அவர்களுக்கு இலாபம். எனினும் தொடர் உறுதியாக இல்லை என்பதற்காக அப்பெருமையை அவர்கள் மறுத்தனர். தமக்குச் சாதகமான செய்தியையே முதலில் ஐயுறுவது அவர்களின் நேர்மை.

பழம்பொருளில் நாம் நேர்மாறாக நடக்கின்றோம். 'ஆற்காட்டு நவாபின் திவான் எழுதியது', 'துருக்கி சுல்தான் அன்பளிப்பாக வந்தது', 'ஹஜ்ஜுக்குப் போன பூட்டனார் மக்காவில் வாங்கியது' என்று வீட்டில் வழங்கும் கதை எதுவாயினும், அது நம் குடும்பத்திற்கு உகந்ததாக இருப்பதனாலேயே நம்பிவிடுகின்றோம். விற்பவர் அதையே தேன் கலந்து வாங்குபவரிடம் ஒப்புவிக்கின்றார். மொராதாபாத்துப் பித்தளைப் பட்டறைகள் பழைய பாணியில் கூடுகளைச் செய்து புதியனவாகவே விற்கின்றன. அதில் குற்றம் ஏதுமில்லை. பட்டறையிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வரவேற்பறைக்கும் போகும் வழியில்தான் அவற்றுக்கு வயது ஏறுகின்றது. உதுமானிய எழுத்தர் இடைக்கச்சையில் செருகிய 'திவித்' என்னும் கோற்பெட்டியோடு கூடிய மைக்கூட்டின் போலிகள் இவ்வாறே உலா வருகின்றன. மூடியின் கீல் நூறாண்டு திறந்து மூடிய தேய்மானத்தைக் காட்டுகின்றதா, உட்புறத்தில் மை ஊறிய கறை உண்டா, அல்லது புறத்தில் மட்டும் புளியும் அமிலமும் பூசிய செயற்கைக் கருமையா என்று பார்த்தால் கதை பெரும்பாலும் கலைந்துவிடும்.

ஸனதைத் தன் உடலிலேயே சுமந்துவரும் பொருள்களும் உண்டு. வாஷிங்டனில் உள்ள ஃபிரீர் கலைக்கூடத்தில் வெள்ளியிழை பதித்த பித்தளை எழுதுகோற்பெட்டி ஒன்று இருக்கின்றது. செய்தவர் ஷாஸீ, செய்விக்கப்பெற்றவர் குவாரஸ்ம் அரசின் அமைச்சர் மஜ்துல் முல்க் அல்-முஸப்பர், ஆண்டு ஹி. 607, அதாவது கி.பி. 1210-11. இவையனைத்தையும் அப்பெட்டியே எழுதிக் காட்டுகின்றது. அதே காலத்துக் குராஸான் மைக்கூடுகள் பலவற்றில் உரிமையாளர் பெயர் இராது. பெயர் கூறாமல் வளமும் நலமும் வாழ்த்தும் அரபு வாசகங்கள் மட்டும் இருக்கும். வேலைப்பாட்டில் இவை அதற்குச் சற்றும் தாழ்ந்தவையல்ல; எனினும் வரலாற்றாசிரியனுக்கு அப்பெட்டி கூறும் செய்தியை இவை கூறமாட்டா.

நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பூந்தமல்லியில் கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில், 1653இல் எழுந்த பள்ளிவாசலைக் கட்டியவர் அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்பிகாரின் மகன் ருஸ்தம் என்று அங்குள்ள கல்வெட்டால் அறிகின்றோம். பெயர், தந்தை பெயர், ஊர், ஆண்டு ஆகிய நான்கு செய்திகள். மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அக்கட்டடத்தைப் பற்றி எவரும் கதை கட்ட வேண்டிய தேவையில்லை. ஒரு மைக்கூட்டிற்கும் இந்நான்கு செய்திகள் கிடைத்தால் போதும்.

விலையும் மதிப்பும்

அப்படியாயின் விலையை எவ்வாறு கணிப்பது? சந்தை விலை ஐந்து காரணங்களால் அமைகின்றது: அருமை, நிறமும் வடிவமும், சேதமின்மை, மூடி சீட்டு முதலிய உறுப்புகள் குறையாதிருத்தல், வந்த வழிக்குச் சான்று. முதல் நான்கையும் பொருளைக் கண்டே எடைபோடலாம். ஐந்தாவது தாளில் இருந்தாலன்றி எவர்க்கும் பயன்படாது. ஒரே அச்சில் வார்த்த இரு குப்பிகளுள், இன்ன வீட்டில் இன்ன ஆண்டு முதல் இருந்தது என்பதற்குக் கடிதமோ பழைய நிழற்படமோ உடைய குப்பி எப்போதும் முன்னிற்கும். ஆகவே ஸனதைத் தேடுவது அறிவுக்கு மட்டுமன்று, பைக்கும் நல்லது.

விற்க விரும்புவோர் அறியவேண்டிய சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், வரலாற்று மதிப்புடையதும் நூறாண்டுக்குக் குறையாத பழைமையுடையதுமான பொருளைத் தொல்பொருள் எனக் கொள்கின்றது. கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டுகளே எல்லை. இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது தடைசெய்யப்பட்டுள்ளது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினருக்குப் பாட்டனாரின் மைக்கூட்டையும் கிதாபையும் பெட்டியில் வைத்து அனுப்ப நினைப்போர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

மதிப்பு என்பது விலையினும் விரிந்தது. திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் எழுதுகோலின் பெயரையே தாங்கியுள்ளது. அதன் தொடக்கத்திலுள்ள 'நூன்' என்னும் எழுத்துக்கு மைக்கூடு என்று பொருள் கூறிய முற்கால விரிவுரையாளரும் உளர். வேறு பொருள் கூறியோரும் உளர். மம்லூக்கு அரசில் சுல்தானின் மைக்கூட்டைத் தாங்கிய 'தவாதார்' என்பவர் நாளடைவில் அரசின் முதன்மை அதிகாரிகளுள் ஒருவராக உயர்ந்தார். மைக்கூட்டிற்கு இத்தகைய இடம் தந்த மரபின் வழிவந்தோர், அதனை எடைக்குப் போடும்போது அதனோடு எதனைப் போடுகின்றோம் என்று அறிந்து போடவேண்டாமா?

செய்யத்தக்கன

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பழைய பெட்டி ஒன்று திறக்கப்படும் நாளில் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, எதையும் கழுவக்கூடாது. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிய கூடு பளபளக்கும். அதன் உள்ளிருந்த மை சாக்கடையில் ஓடிவிடும். அம்மையைச் சோதித்தால் அது கரிமையா அன்னபேதி மையா என்று தெரியும். அருகிலுள்ள ஏட்டின் மையோடு ஒப்பிடவும் இயலும். இரண்டாவது, பிரிப்பதற்கு முன் பெட்டியை இருந்தபடியே நிழற்படம் எடுக்க வேண்டும். எது எதன்மேல் கிடந்தது என்பதும் ஒரு சான்றே. மூன்றாவது, வீட்டில் மூத்தவர் இருப்பின் அவர் அறிந்ததை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்: யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யார் கொடுத்தது, எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு. 'நானே கண்டேன்' என்பதையும் 'வாப்பா சொல்லக் கேட்டேன்' என்பதையும் 'ஊரில் சொல்வார்கள்' என்பதையும் பிரித்தெழுத வேண்டும். நம் முன்னோர் ஹதீஸ் கலையில் வகுத்த தரம் பிரிப்பு இங்கும் அப்படியே உதவும். தேதியும் கையொப்பமும் இட்ட அத்தாளைப் பொருளோடு சேர்த்து வைத்தால், அன்றே அப்பொருளுக்கு ஒரு ஸனத் பிறந்துவிடுகின்றது.

நான்காவது, கூட்டையும் ஏட்டையும் பிரிக்கக்கூடாது. வீட்டில் வைத்துக் காக்க இயலாதாயின் இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துவிட வேண்டும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அரபு, பாரசீகச் சுவடிகளையும் காத்துவருகின்றது. 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் எழும்பூரில் இருக்கின்றது. இவற்றை அணுகும் முன்பே, ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன் எல்லைக்குள் உள்ள பழைய எழுதுபொருள்களின் பட்டியலொன்றை எழுதிவைக்கலாம். பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். குறிப்பு மட்டும் பள்ளிவாசலில் இருந்தால் போதும். நிக்காஹ் பதிவேட்டைப் பேணும் கைக்கு இது புதிய வேலையன்று.

காயலான் கடைக்காரரைக் குறைகூறுவதில் பொருளில்லை. அவர் எடையும் உலோகமும் அறிந்தவர். அவ்வளவுக்கு நேர்மையாகவே விலை தருகின்றார். எடைக்கு அப்பாற்பட்டதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவர் பொருளைக் கொண்டுசென்றவரே. அவர் அறியாததை யாரும் அறியமாட்டார். பெட்டியைத் திறந்தபோது அருகில் இருந்தவர் அவர் ஒருவரே.